நீலப் பம்ப்செட் அறை

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வடகரை வயலுக்கு நடுவே ஆறுமுகநயினாரின் பழைய பம்ப்செட் அறை பளீரென்று நீலமாக நின்றது.

சஃப்ரின் ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்தினாள். பழைய கட்டடங்களைச் சுட்ட மண்ணில் சிறிதாகச் செய்து, பக்கத்திலேயே அதன் புகைப்படத்தையும் வைப்பாள். வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் கண்காட்சி. இந்த அறையின் மண் உருவம் போன மாதமே முடிந்துவிட்டது. படத்துக்குத்தான் சாரல் வரட்டும் என்று காத்திருந்தாள். நனைந்தால் சுவரில் பாசி கருக்கும். முந்தாநாள் போன் போட்டு, படம் எடுக்க வருவதாகச் சொன்னாள். அதுதான் வினை.

ஆறுமுகநயினார் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நின்றார். முழங்கையில் நீலம்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"சாரல் விட்ட நேரமெல்லாம் நின்னு பெயிண்டு அடிச்சாவ," என்றாள் அவர் மனைவி மூக்கம்மாள். "கல்யாணத்துக்குக்கூட இந்த மனுசன் இப்படி மெனக்கெடல."

"நாலு பேரு பாக்கப்போற படம்லா. அழுக்காவா நிக்கும்?"

சஃப்ரின் பையிலிருந்த மண் அறையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். சாய்ந்த சுவர். அதில் நெடுக ஓடும் விரிசல். கூரையில் முளைத்த அரசங்கன்று. கதவோரம் ஒரு ஆணி.

"விரிசல நேத்துத்தான் பூசுனேன்." நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "அந்தக் கன்னும் வேணுமாயிருந்துச்சோ?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி," என்றாள் மூக்கம்மாள். "வெட்டுன அரசங்கன்னத் திருப்பி ஒட்டவைக்கச் சொல்லட்டா?"

சஃப்ரின் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. விரல் மண் ஆணியைத் தொட்டது.

"சட்டை மாட்டுத ஆணி. இதையுமா பாத்த?"

"எப்ப வந்தாலும் உங்க சட்டை தொங்குமே அண்ணாச்சி."

"பெயிண்டுக்கு எடஞ்சல்னு பிடுங்கிப் போட்டேன்."

புல்லுக்குள் தேடினார். மூக்கம்மாள்தான் கண்டெடுத்தாள். துருவேறிய ஆணி. கதவோரம் தடவி, பழைய துளையைப் பிடித்து, கல்லால் அடித்தார். ஈரச் சுவரில் நீலம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்தது. அடியில் பாசி.

வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே நடந்தார்.

"படம் எடுக்க வந்திருக்கா. எங்க போறீய?"

"கரண்டு இருக்கு. தண்ணி பாய்ச்ச வேண்டாமா?"

தொட்டியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. சஃப்ரின் கேமராவை எடுத்தாள்.

"பெயிண்டு காயல. சட்டை போச்சு," என்று மூக்கம்மாள் கையை நீட்டினாள்.

"எடுக்காதீங்க மதினி," என்றாள் சஃப்ரின். "அது அங்கனயே இருக்கட்டும்."