வாசிக்காமல் வாங்கிய கித்தார்

ஒயரை எப்படிச் செருகினாலும் இராஜாங்கத்தின் விரலுக்குக் கீழே எலெக்ட்ரிக் கித்தாரின் ஆறு கம்பிகளும் ஊமையாகவே கிடந்தன. ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒயர்ல கோளாறு இல்லப்பா. நம்ம பழைய மாண்டலின்ல போட்டா பாடுதே," என்றார் பஞ்சநதம். குத்தாலத்து மெல்லிசைக் குழு அவருடையது. "மணி நாலு. ஏழுக்கு மேடை. இது வாயைத் திறக்கலேன்னா மாயவரத்துக் கித்தார்க்காரனைக் கூப்பிட்டுடுவேன். அவன் வந்தா அப்புறம் அவன்தான். வருத்தப்படாதே."

இராஜாங்கம் மனைவி நீலாம்பாளைத் திரும்பிப் பார்த்தான்.

வாங்கி வந்தது அவள்தான். அறுவடைக் கூலித் தகராறு முற்றி, ஊர் எல்லைப் பாலத்தில் போலீஸ் உட்கார்ந்து பத்து நாளாயிற்று. அவர்கள் கூலிக்காரத் தெருவில் மீசை முளைத்தவன் எவன் பஸ் ஏறினாலும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்று இராஜாங்கம் குத்தாலத்து ஒத்திகை அறைக்கு வந்ததே வரப்பு வழியாகத்தான். அதனால் முந்தாநாள் அவள் தனியாக நாகப்பட்டினம் போனாள். பினாங்குக் கப்பலில் வந்த சாமான் விற்கும் ஹபீப் முகம்மதுவின் கடையில் அன்றைக்கென்று கரண்ட் இல்லை.

"வாங்குறவங்க முன்னால வாசிச்சுக் காட்டாம ஒரு சாமானை நான் கொடுத்ததே இல்லம்மா," என்று அவர் தயங்கினார். "எனக்கு மனசு ஒப்பல. கச்சேரி அன்னைக்கு நானே வந்து கேட்டுக்கிறேன்."

அவர்கள் தெருவுக்கு இன்னும் மின்கம்பம் வரவில்லை. இரண்டு நாளும் இராஜாங்கம் கித்தார் மரத்தில் காதை வைத்து, அந்த மெல்லிய முனகலையே கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்தான்.

"சாயபு நல்லா தலையில கட்டிட்டாரு," என்றான் காத்தான், இராஜாங்கத்தின் கூட்டாளி. "ஓட்டை உடைசலுக்குப் பாலிஷ் போட்டு..."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

"வந்துட்டேம்மா. பாடுதா?" ஹபீப் முகம்மது சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

காத்தான் அவருக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்தினான்.

"வாங்க பாய், உங்களைத்தான் தேடுறோம்," என்றான் இராஜாங்கம். "பொம்பள தனியா வந்தா, வாசிக்கத் தெரியாதுன்னு செத்த சாமானைக் கொடுப்பீங்களோ?"

"அல்லா அறிய, கப்பல்லேந்து வந்த அன்னைக்கே போட்டுக் கேட்டேன் தம்பி. மணி மாதிரி பாடிச்சு."

"இப்ப பாடச் சொல்லுங்க!" காத்தான் அவர் தோளைப் பிடித்தான்.

பேசாமல் இருந்துவிட்டால் பழி அவரோடு போய்விடும். நீலாம்பாளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கித்தாரில் தூசி படக் கூடாது என்று புருஷன் மூன்று தரம் சொல்லி அனுப்பியதும் தெரிந்தது. ஆனால் இந்த மனுஷன், கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"அவர் மேலேருந்து கையை எடு காத்தான்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தப்பு என்னுது. நான் அதை உமி மூட்டையில வச்சுக் கொண்டாந்தேன்."

"எதுல?" என்றான் இராஜாங்கம்.

"பாலத்துல சோதனை போடுறாங்கன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க. நம்ம தெருக்காரி கையில இத்தனை பெரிய சாமானைப் பார்த்தா, எங்க திருடினேன்னுதானே கேப்பான்? ரைஸ் மில்லு பக்கமா இறங்கி, உமிக்குள்ள வச்சுத் தலையில தூக்கிக்கிட்டு நடந்தேன். அடுப்புக்கு உமி கொண்டுபோறவளை எவன் கேப்பான்?"

ஹபீப் முகம்மது சட்டையைச் சரிசெய்துகொண்டு கித்தாரை மடியில் சாய்த்தார். ஒயர் செருகும் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ஊக்கு இருக்காம்மா?"

வளையலில் மாட்டியிருந்த ஊக்கை அவள் கழற்றித் தந்தாள். அவர் துளைக்குள் விட்டு நெம்பினார். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு சிட்டிகை உமி அவர் வேட்டியில் உதிர்ந்தது. ஒயரைச் செருகி, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

அறையே அதிர்ந்தது. காத்தான் துள்ளிக் குதித்தான்.

"உங்க ஊர்ல அரைப்படி நெல்லு கூலி கூடுதலாக் கேட்டுத்தான் இவ்வளவு சண்டை," என்றார் பஞ்சநதம். "இது உமியைத் தின்னுட்டே இந்தப் போடு போடுதே!"

காத்தான் தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டான். இராஜாங்கம் சிரிக்கவில்லை. "மன்னிச்சிடுங்க பாய்," என்று கும்பிட்டான். பிறகு நீலாம்பாளிடம் வந்தான்.

"மூட்டையைப் போலீஸ்காரன் குத்திப் பார்க்கலையா?"

"மூட்டை மேல லத்தியை ஓங்கினான். சட்டுனு திரும்பிட்டேன்."

முந்தாநாள் இரவு அவள் தோள் கன்றிப் போயிருந்ததை அவன் பார்த்திருந்தான். பஸ் கம்பி இடித்தது என்றிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே, நீலா."

"சொன்னா உமியையும் சொல்லணுமே."

ஊக்கை அவள் வளையலில் அவனே மாட்டினான். மாட்டி முடித்தும் கையை விடவில்லை.

"மாயவரத்து ஆளு வேண்டாம்னு ஆயிடுச்சு," என்று பஞ்சநதம் செருமினார். "நீயாவது வந்து வாசிப்பியா, மாட்டியா?"

ஏழு மணிக்கு ஹபீப் முகம்மது மேடைக்கு எதிரே முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.