ஏழாம் இலக்கத்தாரின் ஒன்பதாம் நாள்

2024 ஆகஸ்ட் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.55க்கு, கெலிஓயாவிலுள்ள ஒரு கலியாண மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்தில், ஏழாம் இலக்கப் பங்கேற்பாளரின் இரத்தச் சீனி அளவு 291 ஆக இருந்தது.

அதே நிமிடத்தில், திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில் அபீபாவின் கைப்பைக்குள் தொலைபேசி கத்தியது. கணவரின் சீனி 250ஐத் தாண்டினால் கத்தும்படி அதை அமைத்திருந்தார்கள். அபீபா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மாப்பிள்ளையின் பெரியம்மா என்பதால், முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் பங்கிடும் பொறுப்பு அவரிடம் இருந்தது. கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டுக் கணவருக்கு அழைப்பெடுத்தார்.

"என்ன திண்றீங்க?"

"என்ட சோத்ததான்," என்றார் திரைக்கு இந்தப் பக்கமிருந்த ஏழாம் இலக்கத்தார், நஸீப் ஹாஜியார். "வீட்டிலீந்து கொண்டுவந்தத்த."

"இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு காட்டுது."

"மெசின் பொய் செல்லுது போல."

"மெசினுக்கு வலீமாச் சோறு கெடைக்கல்ல. அது ஏன் பொய் செல்லோணும்?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

நஸீப் ஹாஜியாருக்கு வயது ஐம்பத்தாறு. கெலிஓயா கடைத்தெருவில் ஆணி, பெயின்ற், பிளாஸ்ரிக் பேசின் விற்கும் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சீனி வியாதி. பேராதனைக்கு அருகே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய நெல் இனமொன்றை உருவாக்கியிருந்தார்கள். அதன் சோறு மெதுவாகச் செரிக்கும். சாப்பிட்டதும் சீனி சட்டென்று ஏறாது என்பது எதிர்பார்ப்பு. அது உண்மைதானா என்று பார்க்க, சீனி வியாதிக்காரர்களைத் தேடி, பதினான்கு நாள் சோறு கொடுத்தார்கள். ஒரு வாரம் "அ" என்று எழுதிய பொதி, மறுவாரம் "ஆ" என்று எழுதிய பொதி. எது புதிய அரிசி, எது சாதாரண அரிசி என்பது ஆய்வை நடத்திய பேராசிரியரின் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. ஒவ்வொருவரின் மேற்கையிலும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஓர் உணரி ஒட்டப்பட்டது. அது சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சீனியை அளந்து அவருடைய தொலைபேசிக்கு அனுப்பும்; அங்கிருந்து வீட்டாரின் தொலைபேசிக்கும் போகும். பங்கேற்பவர் ஒவ்வொரு வேளையும் நூற்றைம்பது கிராம் சோற்றை நிறுத்துச் சாப்பிட்டு, சாப்பிட்டதைத் தாளில் எழுத வேண்டும். வீட்டில் ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும்.

தாள்களைச் சேகரித்தவர் பஸ்னா. கட்டுகஸ்தோட்டைக்காரி, வயது இருபத்தொன்பது. இந்த ஆய்வுதான் அவருடைய பட்டம். பல்கலைக்கழகப் பதிவு செப்ரெம்பர் 30இல் முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீடித்தாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆய்வுக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பன்னிரண்டு பேரோடு தொடங்கினார். ஒருவருடைய உணரி கண்டி பஸ்ஸிலிருந்து இறங்கும் நெரிசலில் வேறு யாருடைய சட்டையோடோ போய்விட்டது. இன்னொருவர் அது தன் கனவுகளைப் படம்பிடிக்கிறது என்று சந்தேகித்துக் கழற்றிவிட்டார். மிஞ்சியது சரியாகப் பத்து. கையிருப்பில் வேறு உணரி இல்லை.

ஒவ்வொருவரிடமிருந்தும் பதினான்கில் பதின்மூன்று நாட்களுக்காவது உணரியின் அளவும் நிரம்பிய தாளும் வேண்டும் என்பது விதி. ஹாஜியாரின் நான்காம் நாள் ஏற்கெனவே போய்விட்டது. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். இப்போது ஒன்பதாம் நாளும் போனால் அவர் போனார். அவர் போனால் ஒன்பது பேர். ஒன்பது பேரென்றால் பஸ்னாவுக்குப் பட்டம் இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ்னா கடைக்கு வந்தார். வரைபடத்தை ஆணிப்பெட்டிகளுக்கு மேல் விரித்தார். மற்ற நாட்களெல்லாம் வயல் வரம்பு போலக் கிடக்க, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹந்தானை மலை எழும்பியிருந்தது. அன்றைய தாளில் ஹாஜியாரின் கையெழுத்தில், "பகல்: சோறு 150 கிராம். வேறு: இல்லை" என்று இருந்தது. சாட்சிக் கையொப்பம் இருக்கவில்லை.

"மாமி ஏன் சைன் பண்ணல்ல?"

"அவவுக்குக் கை வலி."

"மாமா, வலீமாவுல வேற ஏதும் சாப்பிட்டீங்களா?"

"நான் ஏன் மகள் சாப்பிடப் போற? ஒங்கட சோத்த நிறுத்து, டப்பாவுல போட்டு, கொண்டுபோய் சஹன்ல கொட்டின."

பஸ்னாவின் பேனை நின்றது.

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து கையால் உண்ணும் பெரிய தட்டு. இந்தப் பக்க முஸ்லிம் கலியாணங்களில் தனித்தட்டு கிடையாது. நடுவில் கோழி, சுற்றிவரச் சோறு, அவரவருக்கு முன்னால் உள்ளது அவரவர் பங்கு.

"சஹன்லயா?"

"எனக்கு முன்னுக்கு ஈந்த சோத்த மச்சான்ட பக்கம் தள்ளிட்டு, அந்த எடத்துல கொட்டின. ஆறு பேர் ஒண்டா குந்திக்கொண்டீக்கிற நேரம் நான் மட்டும் டப்பாவத் தொறந்து திண்டா, கலியாண ஊட்டுச் சோத்துல குத்தம் ஈக்கிண்டு அர்த்தம். மாப்பிள்ளட பெரியப்பா அப்பிடிச் செய்ய ஏலுமா? நீங்களே செல்லுங்க."

ஏலாது என்று பஸ்னாவுக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். ஆனால் தாளைத் தயாரித்தவரும் அவர்தான். ஒரு தட்டுக்கு ஓர் ஆள் என்று நினைத்துத்தான் அதைத் தயாரித்திருந்தார். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கெலிஓயா முஸ்லிம்கள் என்பதும், ஆகஸ்ட் கலியாண மாதம் என்பதும் அவருக்குத் தெரியாத விடயங்கள் அல்ல.

அன்று மாலை அவர் பேராசிரியர் மோகனராஜிடம் விடயத்தைச் சொன்னார். பேராசிரியர் நாவலப்பிட்டிக்காரர்; நெல்லைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ந்தவர்; சஹனில் ஒருதரமும் உட்கார்ந்ததில்லை.

"அப்ப அவரு சோறு இவரு பக்கம் போகாம இருக்க நடுவுல ஏதாச்சும் வச்சிருப்பாங்களாம்மா?"

"இல்ல சேர். ஒரே தட்டு."

"வரம்பு?"

"மரியாததான் சேர் வரம்பு."

பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார்.

"வேற எதச் சாப்பிட்டிருந்தாலும் பிரச்சின இல்லம்மா. சாப்பிட்டது எழுதியிருக்கணும். இதுல என்ன எழுதுறது? ஆறுல ஒண்ணுன்னா? அளந்து பாத்திடுவோம். உணரிய கழட்டினதுக்குப் பொறவு அதே ஆளுங்க, அதே சாப்பாடு. திருத்தினத அவரு வாயால ஒத்துக்கிட்டு, வீட்டுல சாட்சி கையெழுத்துப் போட்டா தாள் செல்லும்."

ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, ஹாஜியாரின் வீட்டு முன்னறையில் பாய் விரிக்கப்பட்டது. உணரி முந்தநாளே கழற்றப்பட்டுவிட்டதால் ஹாஜியார் காலையிலிருந்து நல்ல மனநிலையில் இருந்தார். விஞ்ஞானத்துக்காகப் புரியாணி சாப்பிட வேண்டியிருப்பதாகக் கடைத்தெருவில் நாலைந்து பேரிடம் சொல்லியிருந்தார். வலீமாவில் அவரோடு இருந்த ஐந்து பேரும் வந்தார்கள்: வலப்பக்கம் அபீபாவின் தம்பி முஹைதீன், இடப்பக்கம் பக்கத்துக் கடை அஸ்ஃபர், பள்ளிவாசல் செயலாளர், ஒரு வங்கி முகாமையாளர், நாவலப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளையின் நண்பர். கடைசியாகச் சொன்னவர் காலை ரயிலில் வந்திருந்தார். தனக்குச் சீனி இல்லை, ஆனாலும் சஹனென்று சொன்னதால் வந்ததாகப் பேராசிரியரிடம் விளக்கினார்.

அதே சமையல்காரரிடமிருந்து சஹன் வந்தது. அதைக் கடையில் ஆணி நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்தார்கள். ஹாஜியார் அன்றுபோலவே தன் டப்பாச் சோற்றை முன்னால் கொட்டி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அபீபா கதவோரம் வந்து நின்றார்.

"புரபெசர், ஒங்களுக்குத் தேவ இவர் எவ்வளவு எடுக்கிறார் எண்டதா, எவ்வளவு முழுங்கிறார் எண்டதா?"

"எடுக்கிறதுதாங்க டீச்சர்."

"அப்ப முழுங்கத் தேவல்லயே."

ஒரு நீலப் பேசின் ஹாஜியாரின் மடியருகே வைக்கப்பட்டது. அவருடைய கடைப் பேசின்தான். சோற்றைப் பிசைந்து, கவளமாக்கி, வாய்வரைக்கும் கொண்டுபோய், பேசினுக்குள் போட வேண்டும்; கடைசியில் பேசினை நிறுக்கலாம். பேராசிரியர் சற்று யோசித்துவிட்டு, இதைவிடத் துல்லியமான முறை இல்லை என்றார். ஹாஜியார் பஸ்னாவைப் பார்த்தார். பஸ்னா தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடம் எதற்கும் உதவவில்லை. பேராசிரியர் குறிப்பேட்டோடு கதிரையில் இருந்ததால் ஆறு பேரும் பரீட்சை எழுதுவதுபோல உண்டார்கள். ஒருவர் பங்கை ஒருவர் தொடவில்லை. செயலாளர் சோற்றை எண்ணியெடுப்பது போல எடுத்தார். டப்பாச் சோறு கொட்டியது கொட்டினபடி கிடந்தது.

"இப்பிடியா அண்டைக்குச் சாப்பிட்டீங்க?" என்று பஸ்னா கேட்டார்.

"அண்டைக்கு யாரும் எழுதல்லயே," என்றார் அஸ்ஃபர்.

பேராசிரியரின் கதிரை யன்னலுக்கு வெளியே கொண்டுபோகப்பட்டது. அதன்பிறகு பேச்சு மழைக்கும் பெற்றோல் விலைக்கும் போனது. முஹைதீன் கோழிக்காலொன்றைப் பிய்த்து, பேச்சை நிறுத்தாமலே ஹாஜியாரின் பக்கம் தள்ளினார். கோழியோடு ஒரு பிடிப் புரியாணியும் போனது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நல்லது போகவேண்டும் என்பதில் மற்ற நால்வருக்கும் அதே எண்ணம். எதிர்ப்பக்கமிருந்துகூட இறைச்சி வந்தது. அதற்கு இடம் விட, ஹாஜியாரின் டப்பாச் சோறு வலமும் இடமும் ஒதுங்கியது.

"மச்சான், இந்தச் சோறு மோசமில்ல," என்று முஹைதீன் அதை உண்டார். "அண்டைக்கும் சென்னேனே. வயித்துக்குப் பாரமில்லாம ஈக்கி."

"அது என்ட மருந்துச் சோறுடா."

"அண்டைக்கி நீங்க அப்பிடிச் செல்லல்லயே. அண்டைக்கி 'எடு, எடு' எண்டீங்க."

ஹாஜியார் கவளத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். கதவோரத்திலிருந்து இருமல் கேட்டது. கவளம் பேசினில் விழுந்தது.

முடிவில் டப்பாச் சோற்றையும் புரியாணியையும் பிரித்து நிறுத்தார்கள். பேசினில் டப்பாச் சோறு முப்பத்தைந்து கிராம் அளவில்தான் இருந்தது, புரியாணி இருநூற்றிருபது. ஆய்வுச் சோற்றின் பெரும் பகுதியை உண்டவர்கள் முஹைதீனும் அஸ்ஃபரும். அவர்கள் இருவருக்கும் சீனி வியாதி இல்லை, ஆய்விலும் இல்லை.

பேராசிரியர் உள்ளே வந்து, பழைய நாட்களின் வரைபடங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டார். முகம் தெளியவில்லை.

"ஹாஜியார், நீங்க சொன்னதெல்லாம் உண்மதான். நீங்க உங்க சோத்தத்தான் கொண்டுபோனீங்க. ஆனா இந்தச் சோத்துக்கு இருநூத்தி இருபது, முப்பது வரைக்கும்தான் ஏறும். மேல ஒரு அறுபதுக்கு வழி இல்லீங்களே. இனிப்பா ஏதாச்சும்?"

வங்கி முகாமையாளர் தன் விரல்களைக் கவனித்தார். செயலாளர் பேசினை உள்ளே கொண்டுபோய் வைப்போமா என்று கேட்டார்.

பஸ்னா தாளைப் பேராசிரியருக்கு முன்னால் வைத்துவிட்டு, பேனையை மூடினார். "பரவால்ல சேர்," என்றார். "மாமாவக் கஷ்டப்படுத்த வேணாம். ஒம்பது பேரோட முடிஞ்சிட்டுதெண்டு எழுதுவோம்."

அவர் குரலில் குறையேதும் இருக்கவில்லை. அதுதான் ஹாஜியாருக்குத் தாங்க முடியாமல் போனது. அவர் அபீபாவைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினார்.

"வட்டிலப்பம் ருசி பாத்த."

"எவ்வளவு மாமா?"

"ஒரு சஹனுக்கு ஆறு கோப்ப வரும். செயலாளருக்குப் பல்லு வலி. மேனேஜர் முட்ட திண்றல்ல. திருப்பி அனுப்பினா வீண்விரயம். வீண்விரயம் பாவம் எண்டு போன வெள்ளி ஜும்ஆவுலதான் செல்லிக் கேட்ட."

"எத்தன கோப்ப மாமா?"

"மூணு."

பஸ்னா பேனையைத் திறந்து எழுதினார். தாளைச் சாட்சிக் கையொப்பத்துக்காக அபீபாவிடம் நீட்டினார். அபீபா கண்ணாடியைப் போட்டு, விடைத்தாள் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு பேனையை வாங்கி, மூன்றை வெட்டி, நாலு என்று எழுதினார்.

முஹைதீன் சிரிப்பை அடக்க அச்சாறு ஊறுகாயை எடுத்து வாயில் போட்டார்.

"நாலாவது எங்கீந்து வந்த?" என்றார் ஹாஜியார்.

"மாப்பிள்ளட பெரியப்பாவுக்கு இன்னொண்டு வேணுமாம் எண்டு பரிமாற வந்தவர் திரைக்கிட்ட வந்து கேட்டார். நான்தான் எடுத்துக் குடுத்த."

"தெரிஞ்சுகொண்டா குடுத்த?"

"மாப்பிள்ளைக்கு ரெண்டு பெரியப்பா. மத்தவர் கேட்டார் எண்டு நெனச்சிட்டன்." அபீபா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நிமிசத்துல என்ட கைப்பை கத்தின நேரம்தான் யார் எண்டு விளங்கின."

"அதுக்கு ஒரு கெழம பேசாமலா ஈந்த?"

"நீங்களா செல்லுவீங்களா எண்டு பாத்த."

அபீபா கையொப்பமிட்டார். ஹாஜியார், முஹைதீனைப் பார்த்து, இனி எந்த வலீமாவிலும் தன் வலப்பக்கம் உட்காரக் கூடாது என்றார். முஹைதீன் சரி மச்சான், இடப்பக்கம் உட்காருகிறேன் என்றார். மாப்பிள்ளையின் நண்பர், அளவெல்லாம் எடுத்து முடிந்ததா, இனிச் சாப்பிடலாமா என்று விசாரித்தார்.

அடுத்த வாரம், இனி வரும் ஆய்வுகளுக்காகத் தாள் திருத்தி அச்சிடப்பட்டது. "தட்டு" என்ற இடத்துக்குக் கீழே "சஹன்: ஆம் / இல்லை", "சுற்றியிருந்தோர் தொகை", "வட்டிலப்பம் (கோப்பை)" என்று மூன்று கட்டங்கள் சேர்ந்தன. பேராசிரியரின் அலுமாரியிலிருந்த உறை செப்ரெம்பர் 5இல் திறக்கப்பட்டது. "ஆ" பொதியில் இருந்தது புதிய அரிசி. பத்துப் பேரில் ஏழு பேருக்கு அதைச் சாப்பிட்ட பிறகு சீனி குறைவாக ஏறியிருந்தது, இருவருக்கு வித்தியாசமில்லை, ஒருவருக்குக் கூடுதலாக ஏறியிருந்தது. அவர் பேராதனையில் இனிப்புக்கடை வைத்திருப்பவர். அவருடைய தாள்கள் பதினான்கும் குறையின்றி நிரம்பியிருந்தன.

பஸ்னா தன் ஆய்வேட்டைச் செப்ரெம்பர் 27, வெள்ளிக்கிழமை சமர்ப்பித்தார். அதன் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: "பங்கேற்பாளர் 07, ஒன்பதாம் நாள், பகல்: ஆய்வுச் சோறு 35 கிராம், புரியாணி 220 கிராம், வட்டிலப்பம் நான்கு கோப்பை. பொதுத் தட்டு, ஆறு பேர். சாட்சி உண்டு."