கை நனைக்காத விருந்தாளி

குணசீலன் வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் கை நனைக்கவில்லை. அதைக் கவனிக்காதவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை, பந்திக்கு இலை போடுகிறவர் உட்பட.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அங்கமுத்து கட்டிய புது வீடு அது. அன்றைக்குத்தான் குடி புகுந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் குணசீலனின் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டு, சத்தீஸ்கர் புழுதியையும் மராட்டியப் புழுதியையும் மாற்றி மாற்றித் தின்று எழுப்பிய வீடு. குணசீலன் முதலாளிதான். ஆனால் முதல் பத்து வருடம் அவரும் வண்டியோடு அலைந்தவர். ராய்ப்பூர்க் காட்டில் தட்டு பற்றாத நாட்களில் இருவரும் ஒரே குண்டானில் கை விட்டு உண்டிருக்கிறார்கள். இதை வீட்டில் சொல்லிச் சொல்லி அங்கமுத்துவுக்கு வாய் வலித்ததில்லை, கேட்டவர்களுக்குத்தான் காது வலித்தது.

அதெல்லாம் வெளியூரில். உள்ளூரில் நடப்பது வேறு. குணசீலனின் சொந்தக்காரர்கள் தோட்டங்காடு உள்ளவர்கள். அங்கமுத்துவின் தெரு அந்தக் காடுகளுக்குக் களை வெட்டப் போன தெரு. அவர்கள் இங்கே வந்தால் வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். உட்கார்ந்து உண்டவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது. "எங்க அண்ணன் வருவாரு, உங்களோட உக்காந்து உண்ணுவாரு, பாருங்க" என்று அங்கமுத்து பத்து நாளாக மார்தட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் வந்தார். சந்தனம் பூசிக்கொண்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்து வாயாரப் புகழ்ந்தார். அங்கமுத்துவின் மனைவி அங்காளம்மாள் புது டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

"வேண்டாம் தங்கச்சி."

ஜிலேபி கொண்டுவந்தாள்.

"அய்யோ, வேண்டாம் சாமி."

பந்திக்குக் கூப்பிட்டபோது, "நீங்க உண்ணுங்க, நான் பொறவு பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான், அடுப்படியில் ஆளுக்கொரு ஆரூடம் கிளம்பியது. ஆள் இளைத்துப் போயிருக்கிறாரே, சர்க்கரை முற்றிவிட்டதோ என்றாள் ஒருத்தி. மலைக்கு மாலை போட்டிருப்பாரோ என்றாள் இன்னொருத்தி. பெரிய வியாதியாம், சொல்ல மாட்டார்களாம் என்று மூன்றாவது ஒருத்தி அவரைப் பாடையிலேயே ஏற்றிவிட்டாள். இந்த அனுமானங்களில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று அங்கமுத்து ஏங்கினான். மனிதருக்கு வியாதி வரட்டும் என்று ஏங்குவது பாவம்தான். ஏங்கினான், என்ன செய்ய?

மைத்துனன் முருகானந்தம் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, வெளிய போய்ப் பாருங்க. உங்க அண்ணன் காருக்குள்ள உக்காந்து சொந்தமா கொண்டாந்த டப்பாவத் தொறந்து உண்ணுறாரு. நம்மூட்டுச் சோறு எறங்காதாம்."

"வாய மூடுறா."

"நான் மூடிக்கறேன். தெரு மூடுமா?"

அங்காளம்மாள் காதில் அது விழுந்தது. ஜிலேபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூட அங்கமுத்து தாங்கியிருப்பான்.

வேப்ப மரத்தடியில் கார் நின்றது. அங்கமுத்து நடந்த நடையில் செருப்பு பிய்ந்திருக்க வேண்டும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனான். குணசீலன் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"வா வா, உக்காரு. தனியா உண்ணக் கடுப்பா இருந்துச்சு."

உட்கார்ந்தான். அவர் மடியில் எவர்சில்வர் டப்பா. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று, அவித்த நிலக்கடலை, தோலோடு வெந்த பாசிப்பயறு, நறுக்கிய கொய்யா.

"என்னுங்கண்ணா இது?"

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. ஒரு வருடமாக இப்படித்தானாம். வெள்ளைச் சர்க்கரை இல்லை, மைதா இல்லை, தீட்டிய அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, பால் இல்லை, பாக்கெட்டில் வருவது எதுவும் இல்லை. மண்ணில் விளைந்ததை விளைந்தபடியே உண்பதாம். பத்துக் கிலோ குறைந்ததாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லையாம்.

"எல்லாரும் பட்டினி கெடக்கறேன்னு நெனைக்கறாங்க. வயிறு முட்டத்தான் உண்ணுறேன். காசு நெறைய ஆகும்ங்கறாங்க. இந்தக் கெழங்கு என்ன வெலை விக்குது? மச்சான் ஊட்டுக் கல்யாணத்துல இலையில உக்காந்து எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சேன், பெரிய சண்டை. அதுல இருந்து விசேசம்னா கார்லதான். யாருக்கும் சங்கடம் வேண்டாம் பாரு."

சொல்வது நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் சாக்கு எப்போதும் நம்பும்படியாகத்தானே இருக்கும்? அவனுடைய அப்பாவுக்கு இப்படி எத்தனை பேர் எத்தனை மரியாதையாகச் சாக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்பத்தான் உண்டேன், வயிறு சரியில்லை, இன்னைக்கு விரதம். அப்பாவும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அங்கமுத்து என்ன நினைத்தானோ, கேட்காமலேயே டப்பாவுக்குள் கையை விட்டுக் கிழங்கை எடுத்தான். ஒரு கடி கடித்தான். பல் பதிந்த மீதியைத் திரும்ப டப்பாவிலேயே, பயறுக்கு நடுவே வைத்தான். வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தான்.

குணசீலன் நார்ச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை. கை டப்பாவுக்குள் போனது, கடித்த கிழங்கை எடுத்தது, வாயில் போட்டது. மென்றபடியே, "இதுல தோலுலதான் சத்தே இருக்குது, நீ அதைத் துப்பிப்போடாத" என்றார்.

அவர் கவனிக்கவே இல்லை. ஒரு சோதனை நடந்ததும் தெரியாது, தான் தேறியதும் தெரியாது.

அங்கமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன் இந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஏன்டா, என்னாச்சு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வீட்டுக்குள் இருந்தவர்களை நினைத்துச் சொன்னான். "நீங்க எங்க ஊட்டுல கை நனைக்கலீங்கண்ணா. உள்ள எல்லாரும், நம்ம ஊட்டுச் சோறு அவருக்கு ஆகாதுன்னு நெனச்சுட்டாங்க. நானுந்தான் நெனச்சேன்."

குணசீலனின் வாய் மெல்வதை நிறுத்தியது. புரிய அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. எண்ணெயிலும் சர்க்கரையிலும் என்ன இருக்கிறது என்று ஒரு வருடமாகப் படித்த மனிதருக்கு, ஒரு வீட்டு வாசலில் உண்ணாமல் நிற்பதில் என்ன இருக்கிறது என்பது தோன்றாமலே போயிருந்தது. அவர் அதை யோசித்தே வளர வேண்டிய தெருவில் பிறக்கவில்லை.

"நீயுமா? இருவத்திரண்டு வருசம் அங்கமுத்து. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சுங்க."

"எங்கிட்டயா பயம்?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லீட்டீங்கன்னா?"

குணசீலன் டப்பாவை மூடிப் பின்சீட்டில் வைத்தார். இறங்கினார். அவனுக்குக் காத்திராமல் முன்னால் நடந்தார். அடுத்த பந்திக்கு உட்கார்ந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவே, முருகானந்தத்தை "தள்ளி உக்காரப்பா" என்று நகர்த்திவிட்டு இலைக்கு முன் அமர்ந்தார். பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது.

அவரைக்காய்ப் பொரியல் வாங்கிக்கொண்டார். பூசணிக் கூட்டு வாங்கிக்கொண்டார். ஜிலேபிக்கு மட்டும் கையால் மறைத்தார். அங்காளம்மாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கு ஆகாதுன்னா வேண்டாமுங்க. காய் உண்டதே போதும்" என்றான் பின்னால் சாம்பார் வாளியோடு வந்த அங்கமுத்து.

"நீ சும்மா இரு. போடு தங்கச்சி. நீ ஆக்குனதுன்னா நாளைக்கும் வாரேன், தினமும் உங்க ஊட்டுல என்ன உண்ணுவீங்களோ அதையே எனக்கும் போடு. எனக்கு ஆகறதும் ஆகாததும் நான் உன்ற கிட்டயே உக்காந்து சொல்றேன்."

அவள் ஒரு கரண்டி போட்டாள். பிசைந்து முதல் வாய் உண்டார். அது முழுதாக உள்ளே இறங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். தெருவே நின்றது.

அடுத்த இலைக்காரர் "சாம்பார், சாம்பார்" என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அங்கமுத்துவுக்கு நகரத் தோன்றியது.