ஞாயிறு பந்தயத்துக்கு ஒரு டிக்கெட்

கைப்பேசியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ‘நானும் போக்கர் ஆடுகிறேன்’ என்று மார்தட்டுவோரைக் கண்டால் ஸாம்ஃபிருக்கு எரிச்சல் வரும். பொறுமை என்னும் சொல்லையே அறியாத கூட்டம்! அவரும் தங்கை கணவன் டிபேரியுவும் ஆடத் தொடங்கிய நாளில், பிரயிலா நகரத்து அடுக்குமாடிகளுக்கிடையே, பாப்லர் மரங்களின் தலைக்குமேல் இழுத்துக் கட்டிய கம்பி வழியாகத்தான் இணையம் வந்தது. காற்றடித்தால் ஆட்டம் அறுந்துபோகும்.

முதலில் காசில்லாப் பந்தயங்கள். எந்தச் சீட்டு வந்தாலும் கையிலிருப்பது அனைத்தையும் வைத்துவிடும் கும்பலோடு மோதி ஒரு குளிர்காலம் முழுவதும் தோற்றார்கள். பிறகு ஒரு டாலர் பந்தயங்கள். கணினி ஒன்று, நாற்காலி இரண்டு. ஆட்டத்துக்கு ஒருவராக மவுஸைப் பிடிப்பார்கள். மற்றவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு குறை சொல்லலாம். கை வைக்கக் கூடாது.

அந்த வியாழக்கிழமை மாலை டிபேரியுவின் முறை. கப்பல் பட்டறையில் வேலை போய்விட்டதால், அவன் மறுநாள் ஸ்பெயினுக்குப் பேருந்து ஏற வேண்டும். மனைவி வெத்தூரியாவிடம் ஒரே ஒரு சலுகை வாங்கியிருந்தான்: இன்றைய தகுதிப் பந்தயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பெரும்பந்தயத்துக்கான டிக்கெட் கிடைத்தால் திங்கட்கிழமைப் பேருந்து, இல்லாவிட்டால் நாளைக்கே பயணம். ஸாம்ஃபிருக்கு வேண்டியது டிக்கெட் அல்ல. அந்த மூன்று நாள்கள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பத்துப் பேருக்கும் ஒரே பரிசு, ஆளுக்கொரு டிக்கெட். பதினொருவர் எஞ்சியிருந்தனர். டிபேரியு இரண்டாம் இடத்தில் இருந்தான். அப்போது அவனுக்கு இரண்டு ஏஸ்கள் வந்தன; போக்கரில் அதைவிட நல்ல தொடக்கச் சீட்டு இல்லை. அவனுக்கு முன்னரே, முதலிடத்தில் இருந்தவன் தன் பந்தய வில்லைகளை, சிப்புகள் அனைத்தையும் நடுவில் தள்ளியிருந்தான்.

“மச்சான்! ரெண்டு ஏஸ்!”

“பாத்தேன். தூக்கிப் போடு.”

“எதை?”

“சீட்டைத்தான் மாப்ள.”

“பைத்தியமா உங்களுக்கு? பொண்ணே வந்து கையப் புடிக்குது, ஓடிப் போங்கிறீங்களே!”

“முதல்ல வந்தாலும் அதே டிக்கெட், பத்தாவதா வந்தாலும் அதே டிக்கெட். ஏஸும் அஞ்சுக்கு ஒரு தடவை தோக்கும்டா. தோத்தா நீதான் பதினொண்ணு. அந்த ஓரத்துத் துருக்கிக்காரனைப் பாரு, ஒரு கைப்பிடி சிப்புகூட இல்ல. அவன் விழட்டும்.”

“ஏஸைப் போட்டவன்னு ஊரே சிரிக்கும்.”

உள்ளிருந்து வெத்தூரியாவின் குரல் வந்தது. “அண்ணே, இந்த மனுஷன் உங்க பேச்சை என்னைக்குக் கேட்டிருக்காரு? நான் பெட்டியப் பூட்டிடறேன்.”

திரையில் அவகாசம் கரைந்துகொண்டிருந்தது. ஸாம்ஃபிர் தம் கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார்.

“மாப்ள, ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது இருடா.”

டிபேரியு திரையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏஸ்கள் இரண்டையும் தூக்கிப் போட்டான்.

அதற்கடுத்த ஆட்டத்தில் துருக்கிக்காரன் விழுந்தான். உள்ளே பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மவுஸ் ஸாம்ஃபிரின் கையில். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு தோற்றார். ஆனாலும் இருவரும் எழவில்லை. வெத்தூரியா கொண்டுவந்த பொரித்த மீனையும் சோளக்களியையும் தின்றபடி, தவறு எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று இருட்டும்வரை சண்டையிட்டார்கள்.

திங்கட்கிழமை, பேருந்தின் படியில் நின்றுகொண்டும் டிபேரியு விடவில்லை. “ராஜாவை வச்சுக்கிட்டு ஏன் மச்சான் பம்முனீங்க? முதல்லயே அடிச்சிருக்கணும்!”

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது. டிபேரியு வலென்சியாவிலேயே தங்கிவிட்டான். ஸாம்ஃபிர் அன்று சொல்ல முடியாமல்போன பதிலை இன்றும் மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்.