ரொனால்ட் வளைத்த வழி

கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் ஓரத்தில் ஒரு ஒற்றை வீடு. ரொனால்ட் அங்கே தனியாக இருந்தார். எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் சூப்பர்வைசர். மனைவி ஜூடித் இறந்துபோய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. மகள் கெஸியா தோஹாவில். சர்ச்சுக்குப் போய்வந்தால் அடுத்த ஞாயிறு வரை அவர் குரல் அவர் காதில் விழுவது நாயை அதட்டும்போது மட்டும்தான். அந்த நாயையும் போன மழைக்காலத்தில் சிறுத்தை கொண்டுபோய்விட்டது.

அப்படி இருந்தவரைத் தேடிக் குன்னூரிலிருந்து ஒரு நடைக்குழு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தபால் குதிரை போன பாதை ஒன்று அந்தக் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. எழுத்து தேய்ந்த மைல்கல்லும் கூரை போன கல்சத்திரமும்கூட அப்படியே நிற்கின்றன. ஊர் ஜனங்கள் தைரியமாக நடந்து பார்க்கட்டுமே என்று அனுமதியெல்லாம் வாங்கிவிட்டார்கள். வழிநெடுக மஞ்சள் அம்புக்குறி போட, காடு தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு சார், கல்லுல மட்டும் போடுங்க," என்றாள் குழுவை நடத்தும் ஷண்முகப்ரியா. "மரத்தை நாளைக்கு எவனாச்சும் வெட்டீட்டுப் போயிடுவான். கல்லு எங்கயும் போகாது."

"கல்லுல பாசி புடிக்குமேம்மா?"

"புடிச்சா சுரண்டீட்டு மறுபடி அடிங்க. உங்களுக்கும் பொழுது போகோணுமில்லீங்க?"

ஒரு வாரம் டப்பாவும் பிரஷ்ஷுமாக அலைந்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடுப்புயரப் பாறை ஒன்று. நேரே போனால் கல்சத்திரம். இடப்பக்கம் இறங்கினால் தேயிலை வழியாக அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஏறினால் மறுபடி அதே பழைய பாதை. கால் மணி நேரச் சுற்று, அவ்வளவுதான். பிரஷ் பாறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் இடப்பக்கம் காட்டி ஒரு அம்பு போட்டது.

அவரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். நம் வாசல் வழியாக நாலு பேர் போகவேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை?

கீழே தேயிலைக்குள் பாறை கிடையாது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள்தான். ஐந்து மரத்தில் ஐந்து அம்பு போட்டார்.

ஜனங்கள் வரத்தொடங்கினார்கள். ஞாயிறு மத்தியானம் ஆனால் வாசலில் பேச்சுக்குரல் கேட்கும். "ஏனுங்க, வழி இதுதானுங்களா?" "இதேதானுங்க. உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க." ஆறு கண்ணாடி டம்ளர் புதிதாக வாங்கினார். சனிக்கிழமைதோறும் பஜாரில் டீக்குத் தொட்டுக்கொள்ள மொறுமொறு வர்க்கி வாங்கிவைத்தார். கல்சத்திரத்தைப் பற்றி யாரோ கேட்டபோது, அங்கே ஒரு தபால் குதிரையைப் புதைத்திருப்பதாக வாய்க்கு வந்ததைச் சொன்னார். மூன்றாவது வாரம் அந்தக் குதிரைக்குப் பெயரும் வந்துவிட்டது.

அப்புறம் கண்புரை ஆபரேஷனுக்காக நாலு நாள் கோயம்புத்தூரில் இருக்கவேண்டியதாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக்கு மேலே வானம் அகலமாகத் தெரிந்தது. எஸ்டேட்காரர்கள் சில்வர் ஓக்கை வெட்டிவிட்டிருந்தார்கள். லாரிக்காகப் போட்டிருந்த கட்டைகளில் அவருடைய அம்புகள், ஒன்று வானத்தைப் பார்த்து, ஒன்று மண்ணைப் பார்த்து. ஒரு கட்டை தனியாக உருண்டு கிடந்தது. அதன் அம்பு சோலைக்குள் காட்டியது.

அப்போதே மேலே ஏறிப் பாறையைச் சுரண்டியிருக்கலாம். குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னது சௌகரியமாக ஞாபகம் வந்தது. பாறை அம்பை அழித்துவிட்டால் நாளைக்கு யார் வருவார்கள்? வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதாதா என்று படுத்துவிட்டார்.

ஞாயிறு பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. வாசல் படியே தெரியவில்லை. டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது சோலைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ரொனால்ட் ஓடினார். ஓடைச் சதுப்பில் முழங்கால் வரை சேற்றோடு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். தலையில் முக்காடு, முதுகில் பை. அவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், பனிக்குள் ஒரு காட்டுமாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அசையாதீங்கம்மா."

"அசைஞ்சா மட்டும் கால் வரப்போகுதாக்கும்," என்றார் அந்த அம்மாள், உதடு அசையாமல்.

மாடு தலையை ஆட்டியது. ரொனால்ட் நின்ற இடத்திலேயே ஜெபித்தார். கர்த்தரே, இந்த ஒரு உயிரை விட்டுவிடும். எவ்வளவு நேரமோ தெரியாது. மாடு தன் சௌகரியத்துக்குத் திரும்பி மேலே ஏறிப்போயிற்று.

அம்மாளைக் கைகொடுத்துச் சேற்றிலிருந்து இழுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது அடுப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. மறுபடி வைத்தார். வந்தவர் மரியம் பீவி, குன்னூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.  ஒரு வாய் டீ குடித்த பிறகுதான் அவருக்குக் கோபம் ஏறியது.

"யாருங்க இந்த அம்பெல்லாம் போட்டது? பாறை கீழ போங்குது. கீழ வந்தா கட்டை காட்டுக்குள்ள போங்குது. பெயிண்ட் டப்பா கெடச்சுட்டா போதும்னு, எவனோ ஒரு கூறுகெட்டவன்!"

மரம் வெட்டினவர்கள்மேல் பழியைப் போட்டுவிடலாம். வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் பாறை அம்பை அழிக்கவேண்டியதுதான். அப்புறம் இந்த வாசலில் ஆள் ஏது?

"அந்தக் கூறுகெட்டவன் நான்தானுங்க, டீச்சர்."

மரியம் பீவி அவரைப் பார்த்தார். பலகைமேல் கவிழ்த்து வைத்திருந்த மீதி ஐந்து டம்ளரைப் பார்த்தார். வர்க்கி டப்பாவைப் பார்த்தார்.

"டீ குடிக்க ஆள் வேணும்னா?"

"பேச ஆள் வேணும்னுங்க."

"அதுக்கு எதுக்குங்க வழியை வளைக்கோணும்? நீங்க நாலு எட்டு மேல ஏறி அந்தப் பாறையில உக்காந்திருக்கலாமில்ல?"

ரொனால்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழியில உக்காந்து போறவங்க மூஞ்சியைப் பாத்துட்டிருந்தா, எதையோ கேக்க வந்த ஆளாட்டம் இருக்குமுங்க. ஊட்டுல இருந்தா வர்றவங்க விருந்தாளி."

 மரியம் பீவி வர்க்கியை டீயில் முக்கித் தின்றார். ரோடு வரைக்கும் ரொனால்ட் கொண்டுபோய் விட்டபோது சொன்னார்.

"அழிச்சுடுங்க. அடுத்தது சின்னப் புள்ளைங்களா வருவாங்க." பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "டீ நல்லாருந்துச்சுங்க."

திங்கட்கிழமை காலையில் கட்டைகளில் இருந்த அம்புகளை ஒவ்வொன்றாகக் கொத்திச் சிதைத்தார். பிறகு பாறைக்கு ஏறி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நேரே காட்டும்படி புது அம்பு போட்டார். எவ்வளவு தேய்த்தும் பழைய அம்பின் மஞ்சள் கறை கொஞ்சம் நின்றுவிட்டது. அதன்மேல் மண்ணைப் பூசினார்.

அடுத்த ஞாயிறு கை தன்னால் ஆறு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டது. மேலே எங்கேயோ சிரிப்பும் பேச்சும் கேட்டன. இறங்கி வரவில்லை. பாதையோடு நகர்ந்து, சத்திரத்துப் பக்கம் தேய்ந்து, நின்றுபோயின.

டீயைப் பிளாஸ்க்கில் ஊற்றிப் பையில் போட்டார். கிளம்பியவர் நின்று, பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். டப்பா கையில் இருந்தால் பாறைப் பக்கத்தில் நிற்கிற ஆள் வேலைக்காரன்தானே, யாரும் வேறு மாதிரி நினைக்கமாட்டார்கள்.

அரை மணியில் நாலு பேர் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் போலிருந்தது.

"அங்கிள், நேராத்தானே?"

"நேராத்தானுங்க."

"தேங்க்ஸ் அங்கிள்."

"அங்க, சத்திரத்துல, ஒரு குதிரை..." என்று ஆரம்பித்தார். அவர்கள் வளைவு திரும்பிவிட்டிருந்தார்கள். பிளாஸ்க் பைக்குள்ளேயே சூடாக இருந்தது.

இன்னும் யாராவது வரக்கூடும். ரொனால்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கினார். திங்கட்கிழமையே காய்ந்துபோன அம்பின்மேல், நேரே காட்டியபடி, மெதுவாக இன்னொரு பூச்சு பூசத்தொடங்கினார்.