உயர்ந்த தரத்தில் மட்டும் தெரிந்தவன்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகன் செத்துப்போன மறு வருஷம் வீட்டுக்குத் திரும்பி வந்தான். ஆனால் வீடியோ கேமராவில் மட்டும்தான் தெரிந்தான், அதிலும் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் பதிவு செய்தால்தான். கேமராவை அனுப்பியது வெளிநாட்டில் நர்ஸாக இருந்த மகள். அண்ணன் விளம்பரப் பலகை மாட்டும்போது சாரம் சரிந்து விழுந்து இறந்தபின், அப்பாவும் அம்மாவும் போனில் "நல்லா இருக்கோம்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவர்கள் சாப்பிடுகிறார்களா, இளைத்துவிட்டார்களா என்று அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. முதல் வீடியோவில் அம்மா கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, மழை விடவே இல்லை, கரண்டு போய்ப்போய் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது போய்ச் சேர்ந்த சாயங்காலமே மகள் போன் செய்தாள். "பின்னாடி அயர்ன் பண்ணிட்டு நிக்கிறது யாரும்மா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் அதைக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டார். காரணமில்லாமல் எந்த லிஃப்டும் பாதியில் நின்றதில்லை என்பது அவருடைய அனுபவம். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார், கார்டை முழுசாக அழித்தார், எல்லா செட்டிங்கையும் பெட்டியிலிருந்து வந்தபடி மாற்றினார். கையேட்டில் படம் கலங்கினால், நிறம் மாறினால், சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று போட்டிருந்தது. இதற்கு ஒன்றும் போடவில்லை. தரத்தைக் குறைத்தால் கூடத்தில் வெறும் மேஜைதான். கூட்டினால் பையனின் கண்ணிமை, சட்டைப்பையில் விட்டிருந்த தையல் உட்பட எல்லாம் துல்லியமாக இருந்தன. முகத்தைத் தானாகக் கண்டுபிடித்துக் காட்டும் மஞ்சள் சதுரம் அம்மாவை விட்டுவிட்டு, ஆளே இல்லாத மேஜைப் பக்கம் போய் நின்றது. அவன் உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. தனியாக ஒரு மைக் வாங்கி மாட்டி முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தார். மின்விசிறி ஓடுவதும் அம்மா மூக்கை உறிஞ்சுவதும்தான் பதிவாயின.

ரிப்பேர்கடைக்காரர் கடையில் வைத்துப் பார்த்தபோது கேமரா ஒழுங்காக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "கேமராவுல ஒண்ணும் இல்ல சார். உள்ளதைத்தான் எடுக்குது," என்று சொல்லிவிட்டு, வாசலில் தன் செருப்பைத் தேடித் தடுமாறிப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். கேமரா கூடத்து மூலையில் முக்காலியின் மேல் நிரந்தரமாக நின்றது. மகன் சவரம் செய்தான், சாவியைத் தொலைத்துத் தேடினான், சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கினான். பதிவு ஓடும்போது அம்மா அவன் இருக்கக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். பிறகு டிவியில் போட்டுப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருப்பது தெரியும். மறுநாள் அந்த ஒரு சாண் நகர்ந்து உட்காருவாள், அவன் அதற்குள் ஜன்னல் பக்கம் போயிருப்பான். "பொழுதன்னிக்கும் படுத்தே கிடக்கான் பாரு," என்று அப்பா திட்டுகிற அளவுக்கு விஷயம் பழகிப்போனது. முடி வெட்டிக்கொள்ளாமல் திரிகிறான் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள்.

உயர்ந்த தரம் கார்டைத் தின்று தீர்த்தது. அந்த வகைக் கார்டு கடைகளுக்கு வருவது நின்றபிறகு, இன்றைக்கு அவனைப் பார்க்க வேண்டுமானால் என்றைக்கோ பார்த்ததை அழிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அம்மாவால் முடியவில்லை. அப்பாதான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வருவார். எதை அழித்தார் என்று அவளும் கேட்கமாட்டாள். அவன் யாரோடோ போனில் பேசிச் சிரித்த நாள் அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் அவர்களுக்கு உறைத்தது.

மகள் லீவில் வந்தபோது ஒரு வாரம் முழுக்கப் பதிவுகளைப் பார்த்தாள். "அவன் நம்மளத் தேடவே இல்லம்மா. ஒரு தடவையாவது உங்க ரூம் பக்கம் திரும்பினானா?" என்றாள்.

"அவனுக்கு என்ன கவலையோ, விடுடி."

"அவனுக்கு நாமதாம்மா செத்துட்டோம்."

அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். மகள் பிறகு வரவில்லை. மாசம் தவறாமல் போன் மட்டும் செய்தாள். கேமராவைப் பற்றிக் கேட்பதில்லை.

வருஷங்கள் போயின. மகனுக்கு முன்நெற்றி ஏறியது, கண்ணாடி போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குவதை அப்பா கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார். அந்தச் சட்டைகளை எப்போதோ தானம் கொடுத்தாகிவிட்டது. பெட்டியைப் பூட்டி அவன் எடுத்ததும், "கிளம்பிட்டான்," என்று அப்பா கத்தினார். அம்மா ஓடிப்போய் வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எங்க வர்றான்?"

"நேரா உங்கிட்டதான்."

"இப்போ?"

"உன் முன்னாடி நிக்கிறான். செருப்புப் போடறான்."

"டேய், இருடா. சாப்பிட்டுட்டுப் போடா," என்று அவள் காற்றைப் பார்த்துச் சொன்னாள். திரையில் மஞ்சள் சதுரம் அவள் தோள்மேல் கொஞ்ச நேரம் நடுங்கியது, பிறகு அவளுடைய முகத்தின்மேல் வந்து அசையாமல் நின்றது.

"தாண்டிட்டான்," என்றார் அப்பா.

அன்றிலிருந்து எந்தத் தரத்திலும் யாரும் தெரியவில்லை. ரிப்பேர்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். இப்போது அவருக்கும் தலை நரைத்திருந்தது. கூடம், அறை, அடுக்களை என்று எல்லா இடத்திலும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "சுத்தமா சரியாயிடுச்சு சார்."

"திரும்பக் கெடுத்துக் குடுங்க தம்பி," என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. கேமராவை எடுத்துப்போய், தெரிந்ததையெல்லாம் செய்தார். லென்ஸைத் தளர்த்தினார், ஆவியில் காட்டினார், பழைய போர்டு ஒன்றை மாட்டிப் பார்த்தார். படம் கலங்கியது, நிறம் மாறியது, கோடு விழுந்தது. ஆள் வரவில்லை. கடைசியில் அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூலி எதுவும் வாங்காமல் போனார்.

அதுவரை மகனைப் பற்றி யாராவது கேட்டால் "இறந்துட்டான்" என்று சொல்லிவந்தவர்கள், பிறகு "வீட்டை விட்டுப் போயிட்டான்" என்று சொன்னார்கள். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். தெரியாது என்றாள் அம்மா. லிஃப்ட் மெக்கானிக் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சொல்லிட்டுப் போற பழக்கமே அவனுக்குக் கிடையாதும்மா," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.