தூங்குமூஞ்சி வேன்

பள்ளி வேன் பேட்டரிக் கடைக்கு வந்தது என்று சொல்வது பிழை; அது தள்ளிக்கொண்டு வரப்பட்டது. தள்ளியவர் பெயிண்டர். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவருடைய மனைவி; வேனுக்குச் சொந்தக்காரியும் ஓட்டுநரும் அவளே. கடைக்காரிக்கு அவள் நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. ஆகவே வந்து நிற்பது வாடிக்கையாளரின் புகார் மட்டுமன்று, குடும்பத்தின் புகாருங்கூட என்பதைக் கடைக்காரி, வேனின் கதவு சாத்தப்பட்ட வேகத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"மறுபடியும் படுத்துடுச்சு அண்ணி. பசங்க இதுக்குத் தூங்குமூஞ்சின்னு பேரே வெச்சுட்டாங்க. காலையில டீச்சருங்க எல்லாம் இறங்கித் தள்ளினாங்க. அவமானமா இருந்துச்சு." நாத்தனாரின் குரல் இறங்கியது. "ஸ்கூல் மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டார். இன்னிக்கு ஸ்கூல் விடும்போது சாவியைத் திருப்பினதும் கிளம்பணுமாம். இல்லேன்னா நாளையிலிருந்து வேற வண்டியாம்."

பெயிண்டர் முதலில் துடைத்தது தம் வியர்வையை அன்று; வேனின் பின்புறத்தில் பதிந்த தம் கைத்தடத்தை. அதன்பிறகே பேச வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. பெயிண்ட் அடிச்சு முடிச்ச கையோட, வண்டி புதுசாயிடுச்சு, பேட்டரியும் புதுசா இருக்கட்டும்னு உங்ககிட்டதான் வாங்கினோம். அன்னியிலிருந்து பிடிச்சது சனி. டைனமோவைக்கூட மாத்தியாச்சு. மிச்சம் உங்க பேட்டரிதான். பேட்டரியா அது? கைப்பிடி வெச்ச செங்கல்!"

கடைக்காரி அந்தச் செங்கல்லைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டாள். முன்பும் இப்படித்தான் வந்தது. சார்ஜ் ஏற்றிச் சோதித்தால் குறையொன்றும் தெரியாது. வேனில் மாட்டினால் சில நாளில் சோர்ந்து போகும். வீட்டில் உண்ணாமல் இளைக்கும் பிள்ளை, விடுதிக்குப் போனதும் தேறுவதைப் போன்ற கதை. அப்படியானால் கோளாறு பிள்ளையிடம் இல்லை.

"வேற ஒண்ணு குடுத்துடுங்களேன் அண்ணி. உறவுக்குள்ள எதுக்கு வாக்குவாதம்?"

அலமாரியில் புதிய பேட்டரிகள் வரிசையாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வீட்டில் அமைதி நிலைக்கும். ஆனால் அதுவும் பள்ளி வாசலில் படுத்துவிட்டால்? நாத்தனாரின் பிழைப்பை விற்று வாங்கிய அமைதியாகிவிடும்.

"குடுத்தா உன் வாயை அடைக்கலாம். வண்டியை எழுப்ப முடியாதும்மா."

"குடுக்க மனசில்லைன்னு நேரா சொல்லிடுங்க!"

அந்தச் சொல் தைத்தது. எனினும் கடைக்காரி சோதனையின் ஒழுங்கை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்க்கட்சிக்கே முதல் வாய்ப்பு என்று, அலமாரியிலிருந்து புத்தம்புதிய பேட்டரியை எடுத்து வேனில் மாட்டினாள். பெயிண்டரின் முகம் மலர்ந்தது. நாத்தனார் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒருமுறை முனகியது, அதோடு சரி.

"இதுவும் செங்கல்தானா தம்பி?"

"உங்க கடையில எல்லாமே..." என்று தொடங்கியவர், மனைவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைக்காரி மல்டிமீட்டரை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். "நீங்களே பிடிங்க, நீங்களே படிங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் ஊசிகளை வைக்கச் சொன்னாள். நாத்தனார் சாவியைத் திருப்ப, பெயிண்டர் உரக்கப் படித்தார். "பன்னெண்டு... பன்னெண்டுகிட்டயே நிக்குது அக்கா. இறங்கவே மாட்டேங்குது."

"எஞ்சினைச் சுத்திவிடற செல்ஃப் மோட்டார் முழுசா இழுத்தா நல்ல பேட்டரியும் பத்து வோல்ட்டுக்கு இறங்கும். இதுக்கு மூச்சே வாங்கலை. சுமை இதோட தோளுக்கே வந்து சேரலைன்னு அர்த்தம். வழியில எங்கேயோ அடைப்பு."

மின்சாரம் நேர்முனையிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டும்; எஞ்சின், வண்டியின் உடல் ஆகியவற்றின் வழியாக எதிர்முனைக்குத் திரும்பவும் வேண்டும். சாவியைத் திருப்பியபடியே போகிற வழியைச் சோதித்தார்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. தடையில்லாத பாதைக்கு அதுவே அடையாளம். அடுத்துத் திரும்பும் வழி. ஓர் ஊசி எதிர்முனையில், மற்றது எஞ்சினின் இரும்பில்.

"நாலு... நாலரை!" பெயிண்டரின் குரலில் முதன்முறையாக ஐயம் தட்டியது.

"இப்ப எஞ்சினை விட்டுட்டு வண்டி பாடியில வைங்க."

"ஒண்ணுமில்லை. பூஜ்யம்."

"அப்ப பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவுல சுத்தம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுலதான் அடைப்பு." கடைக்காரி டார்ச்சை அடித்தாள். எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் பட்டை, சடை பின்னியதைப் போன்ற செம்புப் பின்னல், ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட்டுக்கு அடியில் வெண்ணெய் நிறம் வழவழவென்று மின்னியது.

"தம்பி, இதைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படி அக்கா அடிக்கறது? அடியில வெறும் இரும்பு, பார்க்கவே அசிங்கம். தேய்ச்சு, ரெண்டு கோட்டு அடிச்சு, காய வெச்சுத்தான் மாட்டினேன். யாரு பார்க்கப் போறாங்கன்னு விடறவன் பெயிண்டரா?" சொல்லிக்கொண்டே வந்தவரின் முகத்தில், வாக்கியம் முடிவதற்குள் ஈயாடவில்லை.

"கரண்ட்டுக்கு அந்த அசிங்கம்தான் வேணும். பெயிண்ட் மேல அது நடக்காது. பட்டை நகர்ந்து நகர்ந்து ஏதோ ஒரு கீறல் வழியாத்தான் இத்தனை நாள் ஊர்ந்து வந்திருக்கு. புது டைனமோ அனுப்பினதும் இதே வழியா வரணுமே! பேட்டரி பாதி வயிறோட கிடந்தது."

நாத்தனார் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "என்னங்க, செங்கல் யாருங்க?"

கடைக்காரி உப்புத்தாளை நீட்டினாள். பெயிண்டர் குனிந்து, சொந்த மீசையை மழித்துக்கொள்பவரைப் போன்ற முகத்துடன், தாம் அடித்ததைத் தாமே சுரண்டினார். வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் பட்டையை வைத்து முறுக்கினார். கடைக்காரி புதிய பேட்டரியைக் கழற்றினாள். இதற்குள் ஓரளவு சார்ஜ் ஏறியிருந்த பழைய செங்கல்லையே திரும்ப மாட்டினாள். குற்றம் சுமந்ததுதான் விடுதலையும் பெற வேண்டும்.

சாவி திரும்பியது. எஞ்சின் உறுமி எழுந்தது.

"பதினாலுக்கு மேல காட்டுது அக்கா!"

"விளக்கு, ஃபேன் எல்லாத்தையும் போடும்மா."

எல்லாவற்றையும் போட்டபோதும் எண் அசைந்து கொடுத்ததேயன்றி விழவில்லை. ஆனாலும் நாத்தனார் வெறுமனே புறப்பட்டுவிடவில்லை. "நீங்களும் ஏறுங்க அண்ணி," என்றாள்.

பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எதிரே வேறொரு வேன், அழைக்கப்பட்ட விருந்தாளியின் தோரணையில் நின்றது. அதனருகில் மேனேஜர் கைகட்டி நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து, பழக்கதோஷத்தால் ஏறாமல், வேனின் பின்னால் போய்க் கைவைத்தார்கள்.

நாத்தனார் சாவியைத் திருப்பினாள்.

தள்ளுவதற்கு வைத்த கைகள் அப்படியே நிற்க, தூங்குமூஞ்சி கண் விழித்தது. பிள்ளைகளின் கூச்சலில் வாசலே அதிர்ந்தது. ஒருமுறை போதாது என்று நாத்தனார் அணைத்து மறுபடியும் கிளப்பினாள்; மேனேஜரை நேராகப் பார்த்தபடி, மீண்டும் அணைத்துக் கிளப்பினாள். ஒவ்வொரு முறையும் ஆரவாரம் கூடியது. மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்து, எதிரே நின்ற வேனைப் போகச் சொல்லி அசைத்தார்.

"போதும்மா, செல்ஃப் பாவம்," என்றாள் கடைக்காரி. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னிருக்கையிலிருந்து பெயிண்டர் தொண்டையைச் செருமினார். "அக்கா, செங்கல் நல்ல செங்கல்தான்."

"ரொம்பச் சந்தோஷம் தம்பி. அதுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சுடாதீங்க."